கொள்ளைநோய்க் காலத்தில் சட்டமும் வணிகமும் : 1897, 2020 – ஓர் ஒப்பீடு

முன்னுரை

கொள்ளைநோய் உயிர்களைப் பறிப்பதோடு நில்லாது, மக்கள் ஒருவரோடொருவர் செய்துகொண்ட உடன்பாடுகளையும் குலைத்துவிடுகிறது. குறித்த நாளில் சரக்கு அனுப்புவதாக ஒப்பிய வணிகர் அனுப்ப இயலாது போகிறார். மாத முடிவில் கூலி தருவதாகச் சொன்ன முதலாளி ஆலையை மூடுகிறார். வாடகைக்குக் கடை எடுத்தவர் அதனைத் திறக்க இயலாது நிற்கிறார். இவர்களுள் எவருடைய இழப்பை எவர் ஏற்பது என்னும் வினாவே இத்தகைய காலங்களில் சட்டத்தின் முன் எழும் தலையாய வினாவாகும்.

இந்தியாவில் கொள்ளைநோய்கள் பல வந்து சென்றுள்ளன. எனினும் நோயை முன்னிட்டுச் சட்டமும் வணிகமும் ஒருங்கே மாறுதலுற்ற காலங்களாக இரண்டினைச் சிறப்பாகச் சுட்டலாம். ஒன்று, 1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோயின் காலம். மற்றொன்று, 2020ஆம் ஆண்டு நாடெங்கும் பரவிய கொரோனா பெருந்தொற்றின் காலம். இவ்விரு காலங்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பினும், இரண்டிலும் கையாளப்பட்ட சட்டங்களுள் ஒன்று பொதுவானது. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமே அது. அச்சட்டம் எதனைப் பேசியது, எதனைப் பேசாது விட்டது, அது பேசாது விட்டவற்றை வணிக உலகும் நீதிமன்றங்களும் எவ்வாறு நிரப்பின என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பம்பாய்த் துறைமுகமும் பிளேக்கும்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ கேப்ரியல் வியேகாஸ் கண்டறிந்து அறிவித்தார். மாண்ட்வி கப்பல்துறையை அடுத்திருந்த பகுதி. தானியக் கிடங்குகள் நெருங்கியிருந்த வணிக மையம். நோய் முதலில் வெளிப்பட்ட இடம் ஏற்றுமதி வணிகத்தின் வாயிலாக இருந்தமையால், தொடக்கம் முதலே நோய்த்தடுப்பும் வணிகப் பாதுகாப்பும் பிரிக்க இயலாத சிக்கல்களாயின.

முதலில் செயல்பட்டது நகராட்சியே. 1888ஆம் ஆண்டின் பம்பாய் நகராட்சிச் சட்டம் அளித்த அதிகாரத்தைக் கொண்டு, நகராட்சி ஆணையர் ஸ்நோ 1896 அக்டோபர் 6 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டார். நோயுற்றோரை மருத்துவமனைக்குக் கட்டாயமாகக் கொண்டுசெல்லவும் வீடுகளைத் தூய்மை செய்யவும் அது வகைசெய்தது. மக்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அக்டோபர் 29 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். துப்புரவுப் பணியாளர்கள் அஞ்சி வெளியேறின் நகரமே நாறிப்போகும் என்னும் கவலையும் ஆணையருக்கு இருந்தது. ஆதலின் கெடுபிடிகள் தளர்த்தப்பட்டன. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 8,21,764 மக்களைக் கொண்டிருந்த பம்பாயிலிருந்து, 1897ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளியேறிவிட்டனர்.

உள்ளூரில் நிலை இவ்வாறிருக்க, வெளிநாடுகளின் நெருக்குதலும் கூடியது. இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களையும் சரக்குகளையும் தடைசெய்ய ஐரோப்பிய நாடுகள் முனைந்தன. 1897 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வெனிஸ் நகரில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு பிளேக் நோய் குறித்தே விவாதித்தது. அவ்வாண்டு பம்பாயிலிருந்து புறப்படும் ஹஜ் பயணம் நிறுத்தப்பட்டது. இந்திய ஏற்றுமதி முழுவதும் முடங்கிவிடாதிருக்க வேண்டுமாயின், நோயைத் தடுக்க அரசு உறுதியாகச் செயல்படுகிறது என்பதை உலகுக்குக் காட்ட வேண்டிய தேவை ஆங்கில அரசுக்கு எழுந்தது. புதிய சட்டத்தின் பின்புலத்தில் மக்கள் நலமும் வணிக நலமும் சேர்ந்தே நின்றன என்பது இங்குக் கருதத்தக்கது.

நான்கு பிரிவுகளில் ஒரு சட்டம்

கொள்ளைநோய்ச் சட்ட முன்வரைவு 1897 சனவரி 28 அன்று கல்கத்தாவில் கூடிய தலைமை ஆளுநரின் சட்டமன்றத்தில் ஜான் உட்பர்னால் முன்வைக்கப்பட்டு, பிப்ரவரி 4 அன்று நிறைவேறியது. ஒரு வார காலத்தில் உருவான இச்சட்டம் நான்கு பிரிவுகளை மட்டுமே கொண்டிருந்தது. முதற்பிரிவு பெயரையும் எல்லையையும் குறிப்பது. இரண்டாம் பிரிவு, நடைமுறையிலுள்ள சட்டங்கள் போதா என அரசு கருதும்போது, தனக்குத் தேவையெனத் தோன்றும் நடவடிக்கைகளை மேற்கொள்ளவும் தற்காலிக ஒழுங்குவிதிகளை வகுக்கவும் அதிகாரம் அளிப்பது. கப்பல்களையும் தொடர்வண்டிப் பயணிகளையும் சோதிப்பதும், நோயுற்றவரென ஐயுறப்படுவோரைத் தனிமைப்படுத்துவதும் இதனுள் அடங்கும். மூன்றாம் பிரிவின்படி, ஒழுங்குவிதிகளை மீறுதல் அப்போது நடைமுறையிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாயிற்று. நான்காம் பிரிவு, நல்லெண்ணத்தோடு இச்சட்டத்தின்படி செயல்பட்டோர்மீது வழக்குத் தொடுப்பதற்குத் தடைவிதிப்பது.

கொடிய கொள்ளைநோய் என்பது யாது என இச்சட்டம் வரையறுக்கவில்லை. அரசின் அதிகாரத்திற்கு எல்லையும் வகுக்கவில்லை. இவை அறிஞர் பலராலும் சுட்டப்பட்டவை. அத்துணை கவனம் பெறாத ஒரு தொடர் இரண்டாம் பிரிவில் உள்ளது. நடவடிக்கைகளுக்கான செலவை எவர், எவ்வகையில் ஏற்பது என்பதை அரசே முடிவுசெய்யலாம் என்னும் அப்பகுதி, அச்செலவில் இழப்பீடு ஏதேனும் இருப்பின் அதுவும் அடங்கும் என அடைப்புக்குறிக்குள் குறிக்கிறது. இழப்பீடு தருதல் கடமை எனச் சொல்லப்படவில்லை; தரலாகாது எனவும் சொல்லப்படவில்லை. குடிசை இடிக்கப்பட்டவரும் பொருள் எரிக்கப்பட்டவரும் கடை மூடப்பட்டவரும் தம் இழப்புக்கு உரிமையோடு கேட்கத்தக்க வழி எதனையும் இச்சட்டம் காட்டவில்லை. இழப்பை எவர் ஏற்பது என்னும் வினாவை இச்சட்டம் தொட்டு, விடைகூறாது அரசின் விருப்புக்கே விட்டுவிட்டது எனலாம்.

இச்சட்டத்தின் துணையோடு 1897 மார்ச்சில் கேட்டக்கர் தலைமையில் பம்பாய்ப் பிளேக் குழு அமைந்தது. பூனாவில் ராண்டு தலைமையில் நடந்த வீட்டுச் சோதனைகள் மக்களின் சினத்தைக் கிளறின. 1897 சூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் ராண்டு சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். அவ்வாண்டே பாலகங்காதர திலகர் அரசத் துரோகக் குற்றத்திற்காக 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இவ்வரசியல் விளைவுகள் பலரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

வணிக வரலாற்று நோக்கில் வேறொரு முரண் கவனத்திற்குரியது. தொடர்வண்டி நிலையங்களில் மக்கள் நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். ஆனால் நோயைப் பரப்பியதில் எலிக்கும் அதன்மீது வாழும் தெள்ளுப்பூச்சிக்கும் உள்ள பங்கினைப் பால் லூயி சிமோன் 1898ஆம் ஆண்டில்தான் எடுத்துரைத்தார். அக்கருத்து அறிவியலாரிடையே நிலைபெற மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை சட்டத்தின் பார்வை முதன்மையாக மனிதர்மீதே இருந்தது. தானிய மூட்டைகளோடு எலிகளும் ஊர்விட்டு ஊர் சென்றன. வணிகப் போக்குவரத்தை இயன்றவரை தடைசெய்யாது மக்கள் போக்குவரத்தைத் தடைசெய்த ஒழுங்குமுறை, நோயின் வழியை அறியாமலே அதற்கு வழிவிட்டதாயிற்று.

ஆலைகளும் நாட்கூலியும்

சட்டம் பேசாது விட்டவற்றுள் முதன்மையானது கூலி. அக்காலப் பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாதக்கூலியே வழக்கம். அதுவும் மாதம் முடிந்த உடனே தரப்படுவதில்லை. சில வாரங்கள் கழித்தே தரப்பட்டது. சேர்ந்து நிற்கும் கூலி தொழிலாளரை ஆலையோடு பிணைத்து வைக்கும் கயிறாகப் பயன்பட்டது. இடையில் வேலையை விட்டுச் செல்பவர் செய்த வேலைக்குரிய கூலியை இழக்க நேரிடும்.

பிளேக் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. தொழிலாளர் கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊர்களுக்குத் திரும்ப, ஆலைகள் ஆளின்றித் தவித்தன. எஞ்சியிருந்தோர் அன்றன்றைய கூலியை அன்றன்றே கேட்டனர். நாளை உயிரோடு இருப்போமா என்பது தெரியாத நிலையில், அடுத்த மாதம் வரும் கூலியை நம்பி உழைக்க எவரும் அணியமாக இல்லை. ஆலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நாட்கூலி தரலாயின. தெருமுனைகளில் தொழிலாளரை ஏலம் எடுப்பது போன்று கூலியை உயர்த்திக் கேட்கும் நிலை தோன்றியது. சில ஆலைகள் தம் ஆட்களை இருத்திக்கொள்ளத் தங்குமிடமும் அமைத்துக் கொடுத்தன. 1875ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய் ஆலை உரிமையாளர் சங்கம் இப்போட்டியைக் கட்டுப்படுத்த முனைந்தும், நெருக்கடி நீடித்தவரை அம்முயற்சி கைகூடவில்லை.

இம்மாற்றத்தை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை; எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை. ஆள் பற்றாக்குறை ஒன்றே தொழிலாளருக்குப் பேரம் பேசும் வலிமையைத் தந்தது. அவ்வலிமை சட்டத்தால் வந்ததன்று. ஆதலின் நிலைக்கவும் இல்லை. நோயின் அச்சம் தணிந்து ஆட்கள் திரும்பியதும் பழைய முறை மீண்டது. கூலியைக் குறித்த நாளுக்குள் தருவது முதலாளியின் கடமை எனச் சட்டம் சொல்ல, 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

நிலவுடைமையாளர் நிலை இதனின் வேறுபட்டது. 1898ஆம் ஆண்டின் சட்டத்தால் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்து அகலமான சாலைகளை அமைப்பது அதன் பணிகளுள் ஒன்று. சாண்ட்ஹர்ஸ்ட் சாலை, பிரின்சஸ் தெரு ஆகியன அதன் திட்டங்களாக எழுந்தவை. கையகப்படுத்தப்பட்ட இடத்திற்கு உரிமையாளர் விலை பெற்றனர். அவ்விடத்தில் வாடகைக்குக் குடியிருந்தோருள் பலர் வேறிடம் தேடிச் செல்ல வேண்டியவராயினர். உடைமைக்கு இழப்பீடு உண்டு, உழைப்புக்கும் உறைவிடத்திற்கும் இல்லை என்னும் வேறுபாடு இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

2020 : இரு சட்டங்களின் நிழலில்

1897ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னரும் நீடித்தது. 2020 மார்ச்சு 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. அந்நாளிலேயே இச்சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பயன்படுத்துமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த முடக்கமோ 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்டது. 2004 திசம்பர் 26 அன்று தமிழகக் கடற்கரை உள்ளிட்ட பகுதிகளைத் தாக்கிய ஆழிப்பேரலையை அடுத்து இயற்றப்பட்ட சட்டம் அது.

இம்முடக்கத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொற்களும் நோக்கத்தக்கன. கலவரக் காலக் கட்டுப்பாட்டைக் குறித்துவந்த 'ஊரடங்கு' என்னும் சொல்லே நோய்க்காலக் கட்டுப்பாட்டிற்கும் பெருவழக்காயிற்று. 'பொதுமுடக்கம்' என்னும் சொல்லும் உடன் வழங்கியது. முன்னது மக்களின் நடமாட்டம் அடங்குவதையும், பின்னது தொழிலும் வணிகமும் முடங்குவதையும் முதன்மைப்படுத்துகின்றன. 2020இல் நிகழ்ந்தது இரண்டும் சேர்ந்ததாகும்.

கடனும் காலவரம்பும்

1897ஆம் ஆண்டின் அரசு ஒப்பந்தங்களையும் கடன்களையும் தொடவில்லை. 2020இல் நிலை மாறியது. கடன்பட்டோருக்குச் சட்டம் பல வகைகளில் காலநீட்சி அளித்தது.

இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சு 27 அன்று கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க வங்கிகளுக்கு இசைவளித்தது. பின்னர் அது ஆகஸ்டு 31 வரை நீட்டிக்கப்பட்டது. எனினும் வட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. அக்காலத்திற்கு வட்டிக்கு வட்டி வாங்குதல் கூடாது என உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சு 23 அன்று தீர்ப்பளித்தது. வட்டியையே முழுமையாகத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்னும் கோரிக்கையை ஏற்கவில்லை.

2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தில் நடவடிக்கை தொடங்குவதற்குரிய மிகக் குறைந்த கடன் தொகை 2020 மார்ச்சு 24 அன்று 1 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. சூன் 5 அன்று வெளிவந்த அவசரச் சட்டம், மார்ச்சு 25 முதல் ஏற்பட்ட தவணை தவறுதலுக்காகத் திவால் நடவடிக்கை தொடங்குவதை நிறுத்திவைத்தது. நீட்டிப்புகளால் இத்தடை 2021 மார்ச்சு 24 வரையிலான தவறுதல்களுக்குப் பொருந்தியது. இவ்வேற்பாடு நிறுவனங்களைக் காத்தது உண்மை. அதே வேளையில், பெரிய நிறுவனத்திற்குச் சரக்கு வழங்கிவிட்டுச் சில லட்சங்களுக்காகக் காத்திருந்த சிறு வணிகரின் கையிலிருந்த கருவியையும் அது பறித்தது.

வழக்குத் தொடுப்பதற்குரிய காலவரம்பையும் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து நீட்டித்தது. 2020 மார்ச்சு 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்கள் காலவரம்புக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஏறக்குறைய ஈராண்டுக் காலம் சட்டத்தின் கணக்கில் ஓடாமல் நின்றது எனலாம். நிறுவனங்களின் பங்குதாரர் கூட்டங்களைக் காணொலி வழியாக நடத்தவும் 2020 ஏப்ரல் முதல் இசைவளிக்கப்பட்டது.

ஒப்பந்தமும் வாடகையும்

எதிர்பாரா நிகழ்வால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற இயலாதுபோயின் யாது செய்வது என்பதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 32, 56 ஆகிய பிரிவுகளில் விடை தருகிறது. ஒப்பந்தத்திலேயே பேரிடர் குறித்த விதி இருப்பின் 32ஆம் பிரிவும், அவ்வாறு இல்லாது நிறைவேற்றமே இயலாததாயின் 56ஆம் பிரிவும் துணைக்கு வரும். அரசுக் கொள்முதலைப் பொறுத்தவரை, கொரோனாவால் சரக்கு வரத்துத் தடைப்படுவதை இயற்கைப் பேரிடராகக் கருதலாம் என நிதியமைச்சகம் 2020 பிப்ரவரி 19 அன்றே தெளிவுபடுத்தியிருந்தது.

எனினும் நீதிமன்றங்கள் இவ்விலக்கை எளிதில் வழங்கவில்லை. ஹாலிபர்ட்டன், வேதாந்தா நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் 2020 மே 29 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. ஒப்பந்தக்காரர் 2019 செப்டம்பர் முதலே கடமை தவறியிருந்தமையால், 2020 மார்ச்சில் வந்த முடக்கத்தைக் காரணங்காட்டி முந்தைய தவறுகளிலிருந்து தப்ப இயலாது என அது கூறியது. நோய்க்கு முன் நேர்மையாக நடந்துகொண்டவருக்கே நோய்க்காலச் சலுகை உரியது என்னும் கருத்து இதனால் பெறப்படுகிறது.

அதே மாதம் 21ஆம் நாள், தில்லி கான் மார்க்கெட் கடை ஒன்றின் வாடகை குறித்த வழக்கில் அந்நீதிமன்றம் வேறொரு தெளிவைத் தந்தது. வாடகை உடன்பாட்டுக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு பொருந்தாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே பொருந்தும். அச்சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி விலக்குப் பெற, இடம் நிலையாகப் பயன்படாததாகியிருக்க வேண்டும். முடக்கம் தற்காலிகமானது. ஆதலின் வாடகையை நிறுத்திவைக்க இயலாது. செலுத்தும் காலத்தைத் தள்ளிவைக்க மட்டுமே இயலும் என முடிவாயிற்று. இங்கும் சட்டம் அளித்தது காலநீட்சியே, கடன்நீக்கம் அன்று.

கூலி : ஆணையும் பின்வாங்கலும்

1897இல் சட்டம் முற்றிலும் பேசாதிருந்த கூலியைப் பற்றி 2020இல் அரசு வெளிப்படையாகவே பேசியது. முடக்கக் காலத்தில் தொழிற்கூடம் மூடப்பட்டிருப்பினும் பிடித்தமின்றிக் கூலி தருதல் வேண்டும் எனவும், தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்டல் கூடாது எனவும் உள்துறை அமைச்சகம் மார்ச்சு 29 அன்று ஆணையிட்டது. இழப்பைத் தொழிலாளர்மீது சுமத்தலாகாது என்னும் கொள்கை இந்திய நோய்க்காலச் சட்ட வரலாற்றில் புதியதாகும்.

அது நீடிக்கவில்லை. சிறு தொழில் முனைவோர் பலர், வருமானமின்றிக் கூலி தரும் வலிமை தமக்கில்லை என நீதிமன்றத்தை நாடினர். அவர்களுடைய இடரும் பொய்யன்று. ஆலையை மூடியது அரசின் ஆணை. கூலியைத் தரச்சொன்னதும் அரசின் ஆணை. அக்கூலிக்குரிய பணத்தை எவரும் தரவில்லை. மே 18 முதல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. முதலாளிகள்மீது கட்டாய நடவடிக்கை கூடாது எனவும், இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் எனவும் சூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. வேலையிழந்து நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர், ஆயிரம் கல் தொலைவிலுள்ள முதலாளியோடு எவ்வாறு பேசித் தீர்ப்பது என்பதற்கு அவ்வாணையில் வழியில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர் அவ்வாண்டு சொந்த மாநிலம் திரும்பினர்.

இதற்கு மாறான தீர்ப்பும் உண்டு. குசராத்து அரசு 2020 ஏப்ரல் 17 அன்று, அப்போது நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து விலக்களித்து, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இசைவளித்தது. மிகைநேரத்திற்கு இருமடங்குக் கூலி தரத் தேவையில்லை எனவும் அவ்வறிவிக்கை கூறியது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இதனை நீக்கியது. அச்சட்டம் கூறும் 'பொது நெருக்கடி' என்பது நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் நெருக்கடியே. பெருந்தொற்றால் நேர்ந்த பொருளாதார மந்தம் அதனுள் அடங்காது என அது விளக்கியது. மிகைநேரக் கூலியை வழங்கவும் ஆணையிட்டது. நோயைக் காரணங்காட்டித் தொழிலாளரின் உரிமையைச் சுருக்கலாகாது என்னும் எல்லை இதனால் வகுக்கப்பட்டது.

ஒப்பீடு

இரு காலங்களையும் ஒருங்குவைத்து நோக்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. 1897இல் தொழிலாளர் வெளியேறியபோது ஆலைகள் இயங்கிக்கொண்டிருந்தன. ஆளுக்குத் தேவை இருந்தது. ஆதலின் வெளியேற்றமே அவர்களுக்குப் பேர வலிமையாயிற்று. 2020இல் ஆலைகளே மூடப்பட்டிருந்தன. வெளியேறியவருக்குப் பேரம் பேச எதிரில் எவரும் இல்லை. முன்னைய காலத்தில் சட்டமின்றிச் சந்தையால் கிடைத்தது, பின்னைய காலத்தில் சந்தையாலும் கிடைக்கவில்லை; சட்டத்தாலும் நிலைக்கவில்லை.

கடனைப் பொறுத்தவரை சட்டம் நுட்பமாகவும் விரைவாகவும் செயல்பட்டது. தவணை, வட்டி, திவால், காலவரம்பு ஆகிய ஒவ்வொன்றிற்கும் தேதி குறித்துத் தீர்வு கண்டது. கடன் எழுத்தில் உள்ளது; தொகையும் தேதியும் கொண்டது. நாட்கூலியோ பெரும்பாலும் வாய்மொழி உடன்பாடு. எழுத்தில் உள்ளதனையே சட்டம் எளிதில் காண்கிறது என்பது இதனால் அறியலாகும்.

1897ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரையும், கொடுங்காயம் விளைவிப்போருக்கு ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சேதப்படுத்திய பொருளின் சந்தை விலையைப் போல் இருமடங்கு இழப்பீட்டைக் குற்றவாளி தர வேண்டும் எனவும் சேர்க்கப்பட்டது. தேவையான திருத்தமே இது. ஆனால் அரசின் ஒழுங்குவிதியால் இழப்புறுவோர் குறித்த பழைய தொடர், 'இழப்பீடு ஏதேனும் இருப்பின்' என்னும் நிலையிலேயே இன்றும் நிற்கிறது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு :

1. 1897ஆம் ஆண்டுச் சட்டம் நோய்த்தடுப்பு நோக்கோடு வணிகப் பாதுகாப்பு நோக்கையும் உடன்கொண்டு பிறந்தது. அது மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. அதனால் விளையும் இழப்புக்குப் பொறுப்பேற்கவில்லை.

2. அக்காலத்தில் கூலிமுறையில் நேர்ந்த மாற்றம் ஆள் பற்றாக்குறையின் விளைவு. சட்டத்தின் துணை இன்மையால் அது நெருக்கடியோடு முடிந்தது.

3. 2020இல் சட்டம் கடன்பட்டோருக்கும் நிறுவனங்களுக்கும் காலநீட்சி அளித்தது. கூலிக்கு அளித்த பாதுகாப்பு ஐம்பது நாட்களில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

4. நீதிமன்றங்கள் பெரும்பாலும் இழப்பைத் தள்ளிவைத்தனவே தவிர, பகிர்ந்தளிக்கவில்லை.

சட்ட ஆணையம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட தனது 286ஆம் அறிக்கையில், கொள்ளைநோய்ச் சட்டத்தை விரிவாகத் திருத்தவோ புதிய சட்டம் இயற்றவோ வேண்டும் எனப் பரிந்துரைத்துள்ளது. அத்தகைய சட்டம் உருவாகுங்கால், நோயை வரையறுப்பதும் அரசின் அதிகாரத்தை வரையறுப்பதும் மட்டும் போதா. பொதுநலன் கருதிக் கடையடைக்கச் சொல்லப்படும் வணிகருக்கும் வேலை நிறுத்தச் சொல்லப்படும் தொழிலாளருக்கும் உரிய இழப்பீட்டை எவர், எந்த அளவில், எத்தனை நாட்களுக்குள் தருவது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். 1897இல் அடைப்புக்குறிக்குள் விடப்பட்ட அச்சொல் சட்டத்தின் ஒரு தனிப்பிரிவாக இடம்பெறும்போதுதான், அடுத்த கொள்ளைநோயின் சுமை வலிமை குறைந்தோர் தோளிலேயே இறங்குவது தவிர்க்கப்படும்.